படகு நிற்கும் இடம்

பதினேழாம் வாரம்

போன வாரம் வள்ளம் கரைக்கு வந்து சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். ‘இனிமேல் செவ்வந்திக்கு ஒரு குறையும் வராது’ என்று பாபநாசத்து வாசகி ஒருவர் சந்தோஷமாகக் கார்டு போட்டிருக்கிறார். அம்மா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். ஆனால் ஏழை வீட்டுக்கு ஒரு நல்லது வந்தால் அதன் பின்னாலேயே நாலு காகிதமும் வரும், அதுதானே நம்ம ஊர் வழக்கம்? வியாழக்கிழமை காலையில் வந்தது முதல் காகிதம்.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தில்லைக்கரை தெற்குத் தெருவில் பதினெட்டு வீடுகள். எல்லாம் கோரையாற்றுப் படுகையில் குடிசை போட்ட பண்ணைக் கூலிக்காரர்கள். அதில் ஒரு வீடு செவ்வந்தி, கண்ணுசாமி தம்பதியுடையது. வயலில் வேலை இல்லாத நாளில் பெண்கள் அலையாத்திக் காட்டுக்குள் இறங்கி நண்டு பிடிப்பார்கள். பிடித்த நண்டை முத்துப்பேட்டைக்குக் கொண்டுபோகப் பண்ணை வரப்பைத் தவிர வேறு வழி கிடையாது. வரப்பில் நடந்ததற்குக் கூடையில் பாதி பண்ணைக்கு. இந்த அநியாயம் பொறுக்காமல்தான் செவ்வந்தி பாங்கிக்கு நடையாய் நடந்து, கடனில் ஒரு சின்ன வள்ளம் வாங்கினாள். ஒற்றைப் பாய், அயினி மரப் பலகை. அதே தெருவில் இருக்கும் அவள் அண்ணன் காத்தான்தான் பாய் பிடித்து அதை ஓட்டிக்கொண்டு வந்தவன். இனி நண்டு தண்ணீர் வழியாகவே போகும், வரப்பை மிதிக்கவே வேண்டாம்.

பண்ணை துரைக்கண்ணுவுக்கு வயிறு எரிந்ததா என்று கேட்கிறீர்களா? எரியாமல் இருக்குமா! படுகையே தன்னுடையது என்று அவர் தாசில்தாரிடம் மனுப் போட்டிருக்கிறார். அது அரசாங்கப் புறம்போக்கு என்று தெருக்காரர்கள் பதில் மனுப் போட்டிருக்கிறார்கள். விசாரணை அடுத்த மாதம்.

இதற்கு நடுவில் பாங்கிக்காரர்கள் ஒரு கெடு வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வள்ளத்துக்கு இன்சூரன்ஸ் காகிதம் வரவேண்டும். வராவிட்டால் வள்ளம் கடன் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள்தான் இன்று.

“ஏ கண்ணுசாமி! ஒனக்குத் தபால் வந்துருக்குடா!”

ஆணி அடித்த தோல் செருப்போடு மதகுக் கட்டையில் நின்று கூப்பிட்டவர் நடராசன். பண்ணையின் காரியக்காரர். கண்ணுசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். செவ்வந்தி ஓடவில்லை. ஆனால் அவனுக்கு முன்னால் போய் நின்றாள், எப்படி என்று கேட்காதீர்கள்.

உறை பிரிந்திருந்தது.

“பிரிச்சிருக்கே?” என்றாள் செவ்வந்தி.

“பண்ணை வெலாசத்துக்கு வந்தா பண்ணைதான் பிரிக்கும். பின்ன யாரு பிரிப்பா?” என்றார் நடராசன். “இன்சூரன்ஸ்காரன் எழுதியிருக்கான். சின்னது பெருசுன்னு ரெண்டு மாதிரி இருக்காம். எது வேணும்னு கேக்கறான். வள்ளம் நிக்கிற எடத்துக்காரர்கிட்ட சம்மதக் கடிதமும் வேணுமாம். நம்ம ஐயா பெரிய மனசு பண்ணிட்டாரு. சின்னதே போதும், காவலுக்கு நம்ம ஆளு இருக்குன்னுட்டாரு. கடிதமும் எழுதியாச்சு. கீழ ஒங்க ஒப்புதலும் எழுதியிருக்கு, ஒரு கையெழுத்துப் போடு, வேலை முடிஞ்சுது.”

செவ்வந்தி முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் ஒரு எழுத்தை விடமாட்டாள். ‘திரு. துரைக்கண்ணு அவர்களுக்குச் சொந்தமான தெற்குத் தெருப் படுகையில், அவர் அனுமதியின் பேரில், எங்கள் வள்ளத்தைக் கட்டி வருகிறோம்’ என்று இருந்தது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது ஏன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

“போட்டுத் தொலையேன்,” என்றாள் பின்னாலேயே வந்து நின்ற ராசம்மாள். கண்ணுசாமியின் அக்கா, புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவள். வள்ளம் என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்து அதைத் திட்டாத நாள் கிடையாது. “எழுத்துலதானே அவருது? வள்ளம் நம்ம கையிலதானே இருக்கப் போவுது?”

“அக்கா, நாளைக்கு இந்தக் கடுதாசி தாசில்தார் மேசைக்குப் போவும். ‘பாருங்க, அவளே எடம் என்னோடதுன்னு கையெழுத்துப் போட்டுருக்கா’ம்பாரு. அப்புறம் ஒன் அடுப்பை எங்க வைப்ப? என் தலையிலயா?”

ராசம்மாள் தன் அடுப்பு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். 

“சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுக்க,” என்று நடராசன் சைக்கிளில் ஏறினார். “இது இல்லாம இன்சூரன்ஸ் வராது. அது இல்லாம வள்ளம் நிக்காது.”

அவர் போனதும் செவ்வந்தி புருஷன் பக்கம் திரும்பினாள். கண்ணுசாமி ஐந்தாவது வரை படித்தவன். பாங்கி மனுவை அவன்தான் பூர்த்தி செய்தான்.

“நம்ம தபாலு அங்க எப்படிப் போச்சு?”

“வெலாசம்னு கேட்டுருந்துச்சு...”

“என்ன எழுதுன?”

“எப்பவும் எழுதறதுதான். மேல்பார்வை, துரைக்கண்ணு பண்ணைன்னு.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தபால்காரரு நம்ம தெருவுக்குள்ள வர்றதில்லையே, புள்ள. எங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தானே எழுதறோம்?”

“வள்ளம் நிக்கிற எடம்னு தனியா கேட்டுருப்பானே? அதுல?”

கண்ணுசாமி இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“சொல்லுய்யா!”

“மேற்படின்னு போட்டுட்டேன்.”

“மேற்படியா!”

அந்தச் சத்தத்தில் கோழிகள் சிதறின. “வெளியூருக்குப் போன எடத்துல எங்கம்மா செத்த சேதி கார்டுல வந்துச்சு. அதைப் பண்ணை வாசல்ல கைகட்டி நின்னு, அவங்க படிச்சுச் சொல்லக் கேட்டு, அங்கயே அழாம வீடு வந்து அழுதேன். அப்பவே நெனைச்சேன், இனிமே எனக்குன்னு ஒரு காகிதம் வந்தா என் கைக்கு வரணும்னு. நீ போயி மேற்படின்னு எழுதி வச்சிருக்கியே, பாவி மனுஷா!”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொண்டு, தலைமுடியை அள்ளி முடிந்து, பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். போகிற போக்கில் சொன்னாள்: “தப்பு ஒன்னோடதுதான். ஆனா அந்தத் தப்பை ஒனக்குப் பழக்கி விட்டவன் நீ இல்ல. வீட்டுல இரு, வந்துடறேன்.”

முத்துப்பேட்டையில் ஒரு இரும்புக் கடை. அதற்கு மேல்மாடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நாலு கட்டு ஃபாரம். இன்சூரன்ஸ் அதிகாரி ஜெக்கரியாவின் ஆபீஸ் அவ்வளவுதான். கீழே கடை அவருடைய வாப்பாவுடையது. மாட்டுக்கும் பம்புசெட்டுக்கும் பாலிசி எழுதியே பழகியவர். வள்ளத்துக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

“வாங்கக்கா, உக்காருங்க. மாடுன்னா காதுல வளையம் மாட்டிடுவோம். ஒங்க வள்ளத்துக்குக் காது இல்லையேன்னுதான் ரெண்டு நாளா யோசிக்கிறேன்,” என்று சிரித்தார்.

செவ்வந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான், உட்காரச் சொன்னார்களே என்று அவளுக்குத் தோன்றியது.

“தம்பி, சின்னது என்ன, பெருசு என்ன, புரியறாப்புல சொல்லுங்க.”

“சின்னது சுலபம். புயல்ல வள்ளம் முழுசா முழுகணும், இல்ல அடிச்சுக்கிட்டுப் போயிடணும். அப்பத்தான் பணம். பாய் கிழிஞ்சா, பலகை ஒடைஞ்சா கெடையாது.”

“யாராச்சும் கொளுத்துனா?”

ஜெக்கரியா அவளை ஒரு தடவை பார்த்தார். “அதுல கெடையாது. மத்தவங்க வேணும்னு செய்யற கெடுதலுக்கு அதுல எடமே இல்ல. பெருசுல உண்டு. ஓட்டை, ஒடைசல், தீ, திருட்டு, வம்புக்குன்னு செய்யறது, எல்லாத்துக்கும் உண்டு. கட்டணம்தான் ரெண்டு மடங்குக்கு மேல வரும்.”

“நண்டு வித்துக் கட்டறேன். வேற?”

“தெரிஞ்ச ஆபத்து எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சீங்கன்னா நாளைக்குக் கம்பெனி கையை விரிச்சிடும்.”

“தெரிஞ்ச ஆபத்து ஒண்ணு இருக்கு தம்பி. எழுதிக்கங்க.”

பேனா தயாரானது. “சொல்லுங்க.”

“துரைக்கண்ணு.”

பேனா அந்தரத்தில் நின்றது. “அக்கா! புயலு, வெள்ளம், சேறுன்னு எழுதுவோம். ஆள் பேரெல்லாம் எழுதறதில்ல.”

“அப்ப எப்படி எழுதுவீங்க?”

“நிலத் தகராறு இருக்கிறதால கெடுதல் நடக்கலாம், இப்படி எழுதலாம்.”

“அப்படியே எழுதுங்க.”

“எழுதுனா கம்பெனி பயப்படும்க்கா. எடத்துக்காரர் கடிதமும் இல்ல. தகராறு வேற. வெறும் கையோட எப்படி ஒத்துக்குவான்?” ஜெக்கரியா ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார். “காவல்னு ஒண்ணு இருக்கு. கரையில குடியிருக்கிறவங்க முறை வச்சுக் காவல் காக்கிறோம்னு பேரோட, வீட்டோட எழுதிக் கொடுத்தா, இன்னைக்கே என் பொறுப்புல கவர் நோட்டு, அதான் பாலிசி வர்ற வரைக்கும் செல்லுற காகிதம், போட்டுத் தரலாம். பத்து வீடாவது வேணும். கடிதத்துக்குப் பதிலா, எடம் விசாரணையில இருக்குன்னு உள்ளதை உள்ளபடி எழுதிடறேன்.”

செவ்வந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரையில் குடியிருக்கிறவர்கள், பேரோடு, வீட்டோடு! பண்ணை பேர் வராமல் அரசாங்கக் கம்பெனிக் காகிதத்தில் தெற்குத் தெரு ஏறும்.

“பத்து என்ன, பதினெட்டு வாங்கித் தர்றேன்,” என்றாள். “பெருசையே எழுதுங்க தம்பி.”

நாலு மணிக்கு ஜெக்கரியாவின் மொபெட் படபடத்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குள்ளேயே வந்தது. ராசம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். ஜெக்கரியா கால்சட்டையை மடித்து விட்டுச் சேற்றில் இறங்கி, டேப்பு வைத்து வள்ளத்தை அளந்தார், பாயைப் பிரித்துப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார். தெருவே கரையில் கூடிவிட்டது. காத்தான் மச்சான் கண்ணுசாமியின் தோளில் கைபோட்டு நின்றான்.

செவ்வந்தி விஷயத்தைச் சொன்னாள். ஒளிவு மறைவு கிடையாது. பேர் போட்டால் பண்ணைக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

“நீ முன்னால நில்லு தங்கச்சி, நாங்க இருக்கோம்,” என்றான் காத்தான். பலமாகத்தான் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து மதகுப் பக்கம் ஜீப் வந்து நின்றது.

துரைக்கண்ணு கோபக்காரர் இல்லை. சத்தம் போட்டுப் பேசவும் மாட்டார். அதனால்தான் ஊரில் அவரைக் கண்டு அத்தனை பயம். நடராசன் பின்னால் வர, வெள்ளை வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

“தம்பி யாரு, இரும்புக் கடை மகன்தானே? நல்லாயிருக்கீங்களா? எடம் நம்மளது. அவுங்க பாங்கி மனுவிலயே அப்படித்தான் இருக்கும், பாத்துக்கங்க.”

பாங்கி அனுப்பிய அந்த மனு ஜெக்கரியாவின் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. “விலாசம், மேல்பார்வை துரைக்கண்ணு பண்ணை. வள்ளம் நிற்கும் இடம், மேற்படி.” நிமிர்ந்து கேட்டார். “கண்ணுசாமிங்கிறது யாருங்க? இது ஒங்க கையெழுத்தா?”

 செவ்வந்தி புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் உடைந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

“ஆண்டே...” என்று பழக்கத்தில் பண்ணையார் பக்கம் பார்த்து வாய் திறந்தான் கண்ணுசாமி. துரைக்கண்ணு லேசாகத் தலையாட்டினார்.  பிறகு உடம்பை முழுசாகத் திருப்பி ஜெக்கரியாவைப் பார்த்து நின்றான்.

“என் கையெழுத்துதான் சார். தபால்காரரு எங்க தெருவுக்குள்ள வரமாட்டாரு. அதனால பண்ணை பேரை எழுதினேன். எங்கப்பனும் அப்படித்தான் எழுதினான். எடம் அவரோடதுங்கிறதுக்காக எழுதலை சார். மேற்படிங்கிறது என் தப்பு. அடிச்சுட்டுப் புதுசா எழுதித் தர்றேன்.”

எழுதினான். எழுத்து ஆற்றுத் தண்ணீர் மாதிரி வளைந்து போயிற்று; ஆனாலும் எழுதினான். செவ்வந்திக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பத்து மணிக்குத் திட்டிய வாய், நாலரை மணிக்கு அவன் பேரைச் சொல்லிப் பெருமைப்பட்டது. பொண்டாட்டி மனசு அப்படித்தான் ஐயா!

“பெரிய இன்சூரன்ஸா எடுக்கறியாமே?” துரைக்கண்ணு அவளிடம் கேட்டார். “இந்த வள்ளத்தை யாரு கொளுத்தப் போறா?”

“யாரும் கொளுத்தலைன்னா கம்பெனிக்குத்தான் லாபம். ஒங்களுக்கு அதுல என்னங்க நஷ்டம்?”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். துரைக்கண்ணு சிரித்த ஆளைத் தேடவில்லை. எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்:

“திங்கக்கிழமை சம்பா நடவு ஆரம்பம். அந்தக் காவல் காகிதத்துல பேர் போடற வீட்டுலேருந்து ஒருத்தரும் என் வயல்ல எறங்க வேண்டாம். ஆணும் சரி, பொண்ணும் சரி. வெளியூர் ஆளு வருது. போடாதவங்க வழக்கம்போல வரலாம்.”

அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

நடவுக் கூலி போனால் அந்த வருஷத்துக் கஞ்சியே போனது போலத்தான். செவ்வந்திக்கு அது தெரியாதா? பேரைப் போடுங்கள் என்று இனி எந்த வாயால் கேட்பாள்? அவளும் கண்ணுசாமியும் போட்டார்கள். ஒரு வீடு. அதற்கப்புறம் காகிதம் வள்ளத்தின் பலகை மேல் கிடந்தது. ஜெக்கரியா மை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, ஆற்றைப் பார்ப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் வந்தது யார் தெரியுமா?

“தள்ளுங்கடி!” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் ராசம்மாள். “இந்த வள்ளம் வெளங்காதுன்னு சொன்னவ நான். இன்னமும் சொல்றேன், வெளங்காது! ஆனா அதை நான் சொல்லலாம். ஜீப்புல வந்து இவரு சொல்றதா? முப்பது வருஷம் இவரு வயல்ல குனிஞ்சு நட்டேன். ஒரு வருஷம் நிமிந்து நின்னா முதுகு ஒண்ணும் ஒடிஞ்சுடாது. தம்பி, எங்க உருட்டணும் விரலை?”

“நீங்க அவங்க வீட்டுலதானே அம்மா இருக்கீங்க? வீட்டுக்கு ஒரு பேருதான் கணக்கு.”

“அப்படியா? அப்ப இன்னையிலேருந்து கீழண்டைச் சாய்ப்பு என் வீடு. தனி அடுப்பு. போடுங்க!”

கரை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கிழவர் வந்தார், கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள், அண்ணன் தம்பி இருவர் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆறு, எட்டு, பத்து. பத்தாவது ரேகை விழுந்தபோது செவ்வந்தி வாய்விட்டு அழுதுவிட்டாள். பதினொன்றோடு நின்றது. ஜெக்கரியா வள்ளத்தின் மேல் வைத்தே கவர் நோட்டை எழுதிக் கிழித்து, செவ்வந்தியின் கையில் கொடுத்தார்.

“நாளைக்குக் காலையில பாங்கியில காட்டுங்கக்கா. வள்ளம் ஒங்களோடது.”

மொபெட் சத்தம் ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செவ்வந்தி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கையெழுத்துப் போடாத வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. அவர்கள் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. குழந்தை குட்டிக்காரர்கள், யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் அந்தச் சாத்திய கதவுகளில் ஒன்று காத்தான் வீட்டுக் கதவு. ‘நாங்க இருக்கோம்’ என்றானே, ஜீப் கிளம்பியதிலிருந்து ஆளையே காணோம். கூடப் பிறந்தவன் பேர் இல்லாத காகிதம் அவள் கையில் கனத்தது.

நேராகப் போய் அந்தக் கதவு முன்னால் நின்றாள்.

“அண்ணே, நீ பேர் போடலைன்னு நான் கேக்க வரலை. இன்னைக்கு முதல் காவல் எனக்கு. ஒன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் காக்கப் போறேன், பயப்படாம தூங்குன்னு சொல்ல வந்தேன்.”

 உள்ளே யாரோ கிசுகிசுவென்று பேசுவது மட்டும் கேட்டது. குனிந்தவள், படி ஓரத்தில் ஒரு ஜோடி தோல் செருப்பைப் பார்த்தாள். வார் வைத்து, ஆணி அடித்த செருப்பு. காத்தான் வாங்கக்கூடிய செருப்பு இல்லை. காலையில் அதே செருப்புதான் மதகுக் கட்டையில் நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் ஒரு வீட்டில்கூடக் காலடி வைக்காத நடராசன், இன்றைக்கு அவள் அண்ணன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

 அண்ணே, நீயா? அந்த ஒரு கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்டால் அழுகை வந்துவிடும். அழுதால் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தாள். இரண்டு செருப்பையும் வார் வழியாக அதில் கோத்துத் தூக்கினாள். பிறகு, பதினெட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்:

“அண்ணே! ஒன் வீட்டு விருந்தாளிகிட்ட சொல்லிடு. செருப்பு வேணும்னா வள்ளத்துக்கிட்ட வந்து, என்னைக் கேட்டு வாங்கிக்கட்டும். நான் அங்கதான் இருப்பேன்.”

கதவுக்குள் பேச்சு சட்டென்று நின்றது. செவ்வந்தி குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள்.